இரண்டு அட்டைகள்: செரோகி குடியுரிமை வழக்கும் அதன் ஆவணங்களும்

2006 மார்ச் 7 அன்று ஓக்லஹோமா மாநிலத்தின் தாலெக்வா நகரில் ஒரு தீர்ப்பு வந்தது. கொடுத்தது அமெரிக்க நீதிமன்றம் அல்ல. செரோகி நேஷன் என்ற பூர்வகுடி அரசின் சொந்த மேல்முறையீட்டு மன்றம். வழக்குப் போட்டவர் லூசி ஆலன். அவருடைய முன்னோர்கள் செரோகிகளிடம் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள். தன்னைப் போன்றவர்களைக் குடிமக்களாகப் பதிவு செய்ய மறுப்பது செரோகி அரசமைப்புச் சட்டத்துக்கே விரோதமானது என்பது அவர் வாதம். மூன்று நீதிபதிகளில் இரண்டு பேர் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

ஓராண்டுகூட ஆகவில்லை. 2007 மார்ச் 3-ல் செரோகி வாக்காளர்கள் அரசமைப்பையே திருத்தி, அந்தத் தீர்ப்பை நம்பிப் பதிவு செய்திருந்த சுமார் 2,800 பேரை வெளியே தள்ளினார்கள். அப்புறம் பத்தாண்டு வழக்கு. 2017-ல் வாஷிங்டனில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் அவர்கள் உரிமையை உறுதி செய்தது. 2021-ல் செரோகி உச்ச நீதிமன்றம் அரசமைப்பில் ‘ரத்தவழி’ என்று வரும் இடங்களையெல்லாம் அடித்துவிட்டது.

இத்தனை வழக்குகளும் சுற்றிச் சுற்றி வந்தது ஒரு பழைய பதிவேட்டிடம்தான். நூறு வருடங்களுக்கு முன் நிலத்தைப் பங்கு பிரிப்பதற்காக அமெரிக்க அரசு எழுதிய பெயர்ப்பட்டியல் அது. அதை எழுதியவர்கள் எதற்காக எழுதினார்கள், பிற்பாடு வந்தவர்கள் எதற்கு அதைச் சாட்சிக்கு அழைத்தார்கள் என்று பார்த்தால் வழக்கு பாதி விளங்கிவிடும்.

எழுதிவைத்த அரசு

பூர்வகுடி வரலாறு என்றாலே வாய்மொழிக் கதைதான் என்று நினைப்பவர்கள் உண்டு. செரோகிகள் விஷயத்தில் அது சரிவராது. ஜார்ஜியா, டென்னசி, வட கரோலினா, அலபாமா பகுதிகளில் அவர்கள் வாழ்ந்த காலத்திலேயே, 1808-ல், முதல் எழுத்துச் சட்டத்தை இயற்றிவிட்டார்கள். 1821-ல் செக்வோயா தன் மொழிக்கு அசையெழுத்து முறை ஒன்றை உருவாக்கி முடித்தார். 1827-ல் நியூ எக்கோட்டாவில் அரசமைப்புச் சட்டம். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ‘செரோகி ஃபீனிக்ஸ்’ செய்தித்தாள், இரண்டு மொழிகளில். சட்டம், தீர்ப்பு, கருவூலக் கணக்கு, மாவட்டத் தேர்தல் முடிவு என்று எல்லாம் தாளில் ஏறியது.

தாளில் ஏறியவற்றில் அடிமை முறையும் இருந்தது. அதை மழுப்புவதில் பயனில்லை. செரோகிகள் கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்தார்கள். 1824-ல் அடிமைகளோடு திருமணத்தைத் தடுக்கும் சட்டம் வந்தது. 1827 அரசமைப்பு, தாய் வழியிலோ தந்தை வழியிலோ ஆப்பிரிக்க மூலம் உள்ளவர்கள் எந்தப் பதவிக்கும் வரக்கூடாது என்றது.

1835-ல் அமெரிக்க அரசு, செரோகிகளை மேற்கே விரட்டுவதற்கு முன்னேற்பாடாக ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. அந்தப் பதிவேட்டின் பத்திகளைப் பார்த்தாலே அது எதற்காக எடுக்கப்பட்டது என்பது தெரியும். குடும்பத் தலைவர் பெயர், முழு ரத்தத்தவர் எத்தனை பேர், கலப்பினத்தவர் எத்தனை பேர், ஆங்கிலம் வாசிப்பவர்கள், செரோகி வாசிப்பவர்கள், நெசவு செய்பவர்கள், நூல் நூற்பவர்கள், பண்ணைகள், வீடுகள், மாவு ஆலைகள், பரிசல் துறைகள், அடிமைகள். கூட்டித் தொகையாக 16,542 செரோகிகள், மணவழியில் வந்த 201 வெள்ளையர்கள், 1,592 அடிமைகள். குடும்பத் தலைவர்களுக்குப் பெயர் உண்டு. அடிமைகளுக்கு எண்ணிக்கை மட்டும்தான். 1860-ல் எடுத்த அமெரிக்க அடிமைக் கணக்கிலும் இதே நிலைதான்: உரிமையாளர் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம், அவ்வளவே. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிற்பாடு இதே மக்களின் பேரப்பிள்ளைகளிடம்தான் ‘முன்னோர் பெயரைப் பதிவேட்டில் காட்டு’ என்று கேட்கப்பட்டது.

1838-39 கண்ணீர்ப் பாதையில் சுமார் 16,000 செரோகிகள் இன்றைய ஓக்லஹோமாவுக்கு விரட்டப்பட்டார்கள்; சுமார் 4,000 பேர் செத்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அந்தப் பாதையில் அடிமைகளும் நடந்தார்கள்.

1866 உடன்படிக்கை

உள்நாட்டுப் போரில் செரோகிகள் இரண்டாகப் பிளந்தார்கள். 1861 அக்டோபரில் தலைவர் ஜான் ராஸ் தென்மாநிலக் கூட்டமைப்போடு உடன்படிக்கை செய்துகொண்டார். பிறகு வடக்குப் பக்கம் போய்விட்டார். ஸ்டாண்ட் வாட்டி கடைசிவரை தெற்கோடு நின்றார். சரணடைந்த தென்மாநிலத் தளபதிகளில் கடைசி ஆள் அவர்தான், 1865 ஜூன் 23. நடுவில் 1863 அக்டோபரில் தாலெக்வாவின் அரசுக் கட்டடங்களையும் ஜான் ராஸின் வீட்டையும் வாட்டியின் படை கொளுத்தியது. நெருப்போடு எத்தனை தாள்கள் போயினவோ.

வடக்கை ஆதரித்த செரோகி பேரவை 1863 பிப்ரவரியில் அடிமை முறையை ஒழித்துச் சட்டம் இயற்றியது. போர் முடிந்ததும் அமெரிக்க அரசு புதிய உடன்படிக்கை ஒன்றை வைத்தது. 1866 ஜூலை 19-ல் கையெழுத்தானது, ஆகஸ்ட் 11-ல் அறிவிக்கப்பட்டது. அதன் ஒன்பதாம் பிரிவுதான் இந்த வழக்கின் உயிர். விடுதலையான அடிமைகளும், போர் தொடங்கியபோது செரோகி மண்ணில் இருந்த சுதந்திரமான கறுப்பினத்தவரும், இப்போது அங்கே குடியிருந்தாலோ ஆறு மாதத்துக்குள் திரும்பி வந்தாலோ, அவர்களுக்கும் அவர்கள் வழித்தோன்றல்களுக்கும் பூர்வீகச் செரோகிகளுக்கு உள்ள எல்லா உரிமைகளும் உண்டு. ‘வழித்தோன்றல்கள்’ என்பது உடன்படிக்கையிலேயே இருக்கிறது. யாரும் பின்னால் சேர்த்ததல்ல. அதே ஆண்டு நவம்பரில் செரோகி அரசமைப்பும் அதற்கேற்பத் திருத்தப்பட்டது.

அந்த ஆறு மாதம் பலரைக் கவிழ்த்தது. போர்க்காலத்தில் சில அடிமைகளை உரிமையாளர்கள் டெக்ஸஸுக்கு ஓட்டிக்கொண்டு போயிருந்தார்கள். இன்னும் சிலர் கான்சாஸுக்குத் தப்பி ஓடியிருந்தார்கள். உடன்படிக்கை என்று ஒன்று வந்திருப்பதே எழுதப் படிக்கத் தெரியாத அவர்களில் எத்தனை பேர் காதுக்குப் போயிருக்கும்? 1867 பிப்ரவரி 11-க்குப் பிறகு வந்தவர்கள் செரோகி அரசின் பார்வையில் அத்துமீறிக் குடியேறியவர்கள் ஆனார்கள்.

உள்ளே இருந்தவர்களுக்கும் எல்லாம் சுமுகமாக நடக்கவில்லை. 1883-ல் நில வருமானத்தைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்தபோது, செரோகி பேரவை ரத்தவழிச் செரோகிகளுக்கு மட்டும் என்று தீர்மானித்தது. அமெரிக்கக் காங்கிரஸ் 1888-ல் தலையிட்டது. ஃப்ரீட்மென் என்று அழைக்கப்பட்ட இந்த மக்களைக் கணக்கெடுக்க வாலஸ் பட்டியல், அதை ஏற்காமல் கெர்ன்-கிளிஃப்டன் பட்டியல் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. பங்கு அவர்களுக்கும் உண்டு என்று அமெரிக்க உரிமைக்கோரல் நீதிமன்றம் சொல்லி, 1896 பிப்ரவரி 3-ல் ஆணை பிறப்பித்தது. பணம் பிரிக்க வேண்டியிருக்கும்போதெல்லாம் புதிதாக ஒரு பட்டியல். இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போகலாம்.

அட்டை

1893-ல் அமெரிக்க அரசு டாவ்ஸ் ஆணையத்தை அமைத்தது. மாசசூசெட்ஸின் முன்னாள் செனட்டர் ஹென்றி டாவ்ஸ் தலைமை. நோக்கம் ஒளிவுமறைவில்லாதது: செரோகி, சாக்டா, சிக்கசா, மஸ்கோகி, செமினோல் ஆகிய ஐந்து நேஷன்களும் பொதுவில் வைத்திருந்த நிலத்தைத் தனித்தனிப் பங்காகப் பிரிப்பது, மிச்சத்தைக் குடியேறிகளுக்குத் திறந்துவிடுவது, அவர்களின் அரசுகளைக் கலைப்பது. பங்கு பிரிக்க வேண்டுமென்றால் யாருக்கு என்று பட்டியல் வேண்டும். ஐந்து நேஷன்களிலுமாக இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மனுப்போட்டார்கள். ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் ஏற்கப்பட்டார்கள். 1907 மார்ச் 4-ல் பட்டியல் மூடப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் ஓக்லஹோமா மாநிலமானது.

ஆணையத்தின் எழுத்தர்கள் ஃபோர்ட் கிப்சன், வினிட்டா, தாலெக்வா என்று ஊர் ஊராக முகாம் போட்டார்கள். ஒரு குடும்பத்துக்கு ஓர் அட்டை. செரோகிகளுக்கு ஒரு வரிசை, ஃப்ரீட்மென்களுக்கு வேறொரு வரிசை.

ரத்தவழி அட்டையில் பெயர், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, வயது, பால் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் ‘ரத்தம்’ என்று ஒரு பத்தி. அதில் முழு, அரை, கால், எட்டில் ஒன்று என்று எழுதியிருக்கும். அப்புறம் முந்தைய செரோகி கணக்கெடுப்பில் எந்த மாவட்டம், எந்த எண் என்ற குறிப்பு, பெற்றோர் பெயர்கள்.

ஃப்ரீட்மென் அட்டையில் பெயர், உறவு, வயது, பால் எல்லாம் அதேபோல. ரத்தம் என்ற பத்தி மட்டும் இல்லை. அதற்குப் பதிலாக ‘யாருடைய அடிமை’ என்று ஒரு பத்தி. பெற்றோர் பெயர் வரும் இடத்தில் அவர்களின் உரிமையாளர் பெயரும் வரும். ஒரு தாய்க்குக் கீழே ஐந்து பிள்ளைகள் வரிசையாக இருந்தால், பிள்ளைகள் எல்லாரும் விடுதலைக்குப் பிறகு பிறந்தவர்களாக இருந்தாலும், அட்டை அவர்களை ஒரு செரோகி அடிமை உரிமையாளரின் குடும்பப் பெயரோடு கட்டிப்போடுகிறது. வான், ராஸ், ரிக்ஸ், நேவ் என்ற பெயர்களைப் பார்த்து இது செரோகி குடும்பமா ஃப்ரீட்மென் குடும்பமா என்று சொல்லிவிட முடியாது. ஒரே பெயர் இரண்டு வரிசையிலும் இருக்கும்.

இதில் ஒரு முரண் உண்டு. 1835-லும் 1860-லும் வெறும் எண்ணாக இருந்தவர்கள், அவர்கள் பெற்றோர், அவர்களை வைத்திருந்தவர்கள் எல்லாரும் முதல்முறையாகப் பெயரோடு ஒரே தாளில் வருவது இந்த அட்டைகளில்தான். அமெரிக்காவின் மற்ற தென்மாநிலங்களில் குடும்ப வரலாறு தேடும் கறுப்பினத்தவர்களுக்கு இப்படி ஓர் ஆவணம் கிடைப்பது குதிரைக்கொம்பு. உரிமையைப் பறிக்கப் பயன்பட்ட அதே அட்டை, பாட்டனுக்குப் பாட்டனைக் கண்டுபிடிக்கவும் வழிவிடுகிறது.

சரி, செரோகி தந்தைக்கும் விடுதலையான அடிமைத் தாய்க்கும் பிறந்தவர் எந்த வரிசை? நடைமுறையில் ஃப்ரீட்மென் வரிசை. தந்தையின் ரத்த அளவு எங்கும் எழுதப்படாது, ஏனென்றால் அந்த அட்டையில் எழுத இடமே கிடையாது. செரோகிக்கும் வெள்ளையருக்கும் பிறந்தவருக்கோ பின்னம் போட்டு ரத்தவழி வரிசையில் இடம் கிடைத்தது. முப்பத்தெட்டு ஆண்டுகள் செரோகிகளின் தலைவராக இருந்த ஜான் ராஸே எட்டில் ஒரு பங்கு செரோகிதான்; அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை.

அட்டைக்குப் பின்னால் மனுக்கட்டு இருக்கும். கேள்வி-பதில் வடிவில் தட்டச்சு செய்த சாட்சியங்கள். ஃப்ரீட்மென்களிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் பெரும்பகுதி ரத்தத்தைப் பற்றியே அல்ல. உன்னை வைத்திருந்தவர் யார், போர் தொடங்கியபோது எங்கே இருந்தாய், எப்போது வெளியே போனாய், எப்போது திரும்பி வந்தாய், வந்ததைப் பார்த்தவர் யார். 1867 பிப்ரவரிக்கு முன்பா பின்பா என்பதை முப்பத்தைந்து ஆண்டு கழித்து, நாட்காட்டி வைத்திராத ஒருவர், வாய்ச்சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியாதவர்களின் அட்டைகள் சந்தேக வரிசைக்கும் நிராகரிப்பு வரிசைக்கும் போயின. அவையும் பத்திரமாகக் காப்பகத்தில் இருக்கின்றன.

விரும்பாமலே பட்டியலில் ஏறியவர்களும் உண்டு. ரெட்பேர்ட் ஸ்மித் தலைமையில், செரோகிகளுக்குள்ளேயே பழைய மரபை விடாத கீடூவா பிரிவினர் பதிவு செய்ய மறுத்தார்கள். நிலத்தைத் துண்டு போடுவதையே அவர்கள் ஏற்கவில்லை. 1902-ல் அவரைப் பிடித்து மஸ்கோகி சிறையில் வைத்தார்கள். பதிவேடு முழுமையானது, நடுநிலையானது என்று பின்னாளில் வாதாடியவர்கள் இதையெல்லாம் படித்தார்களா என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

இங்கேதான் முக்கியமான விஷயம். 1902 சட்டப்படி ஒவ்வொரு செரோகி குடிமகனுக்கும் சராசரி நிலத்தில் 110 ஏக்கருக்குச் சமமான மதிப்புள்ள பங்கு. ஃப்ரீட்மெனுக்கும் அதே 110. எந்த அட்டையாக இருந்தாலும் பங்கு ஒன்றுதான். ஆகவே எழுதப்பட்ட காலத்தில் இந்த இரண்டு வரிசைகளும் குடியுரிமையில் வித்தியாசம் காட்டவில்லை. வித்தியாசம் 1908-ல் வந்தது. அந்த ஆண்டு மே 27 சட்டம் இரண்டு காரியம் செய்தது. ஒன்று, பட்டியலில் உள்ள ரத்த அளவே முடிந்த முடிவான சாட்சியம் என்றது. இரண்டு, ஃப்ரீட்மென், மணவழி வெள்ளையர், பாதிக்கும் குறைவான ரத்தமுள்ளவர்கள் ஆகியோரின் நிலத்தை விற்பதற்கு இருந்த தடைகளை, சிறுவர்களின் நிலம் உட்பட, அடியோடு நீக்கியது. எழுத்தர் கண்ணால் பார்த்தும் காதால் கேட்டும் போட்ட பின்னம், நிலத்துக்குப் பாதுகாப்பு உண்டா இல்லையா என்பதைத் தீர்மானித்தது. பாதுகாப்பு போன நிலம் எவ்வளவு வேகமாகக் கைமாறும் என்பதைச் சொல்லவே தேவையில்லை.

தாள்கள் யார் கையில்

மாநிலம் உருவான பிறகு செரோகி அரசு பெயருக்கு மட்டும் மிஞ்சியது. தலைவரை அமெரிக்க அதிபர் நியமிப்பார். அதன் பேரவை நடவடிக்கைகள், நீதிமன்றக் கோப்புகள், கணக்கெடுப்புகள் எல்லாம் மஸ்கோகியில் இருந்த கூட்டாட்சி அலுவலகத்துக்குப் போயிருந்தன. 1934 மார்ச் 27-ல் காங்கிரஸ் சட்டம் போட்டு, ஐந்து நேஷன்களின் ஆவணங்களை ஓக்லஹோமா வரலாற்றுக் கழகத்தின் பொறுப்பில் விட்டது. டாவ்ஸ் ஆணையத்தின் அட்டைகளும் மனுக்கட்டுகளும் டெக்ஸஸ் மாநிலம் ஃபோர்ட் வொர்த்தில் உள்ள அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில். அட்டைகள் எம்1186 என்ற மைக்ரோஃபிலிம் தொகுப்பு, 93 சுருள்கள். மனுக்கட்டுகள் எம்1301. ஜான் ராஸின் தாள்கள் டல்சாவின் கில்கிரீஸ் அருங்காட்சியகத்தில்.

ஓர் அரசின் சொந்த வரலாறு மூன்று நான்கு ஊர்களில் பிறர் வீட்டில் இருந்தது. அந்த அரசு மறுபடி எழுந்து நின்றபோது, தன் குடிமக்கள் யார் என்று தெரிந்துகொள்ள அதற்குக் கைக்கெட்டிய ஒரே முழுப் பட்டியல், அதைக் கலைக்க வந்தவர்கள் தயாரித்தது.

சொல்லாத நிபந்தனை

தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் திருப்பித் தந்த 1970 அமெரிக்கச் சட்டத்துக்குப் பிறகு, 1971-ல் செரோகிகள் தங்கள் தலைவரை மறுபடி தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். ஃப்ரீட்மென் வாரிசுகளும் அந்தத் தேர்தலில் வாக்களித்தார்கள். 1976-ல் ஏற்கப்பட்ட புதிய அரசமைப்பு, உறுப்பினர்கள் டாவ்ஸ் ஆணையப் பட்டியலை ஆதாரமாகக் காட்டி நிரூபிக்கப்பட்ட குடிமக்களாக இருக்க வேண்டும் என்றது. 1867-லும் 1869-லும் ஒப்பந்தம் செய்து சேர்ந்த டெலவேர், ஷானி மக்களையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. ரத்தம் என்ற பேச்சே அந்த விதியில் இல்லை.

1983-ல் பேரவை ஒரு சட்டம் போட்டது: செரோகி ரத்தத்துக்கு ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரம், அமெரிக்க இந்தியர் விவகாரத் துறை கொடுக்கும் ரத்த அளவுச் சான்றிதழ். அந்தச் சான்றிதழை எதை வைத்துக் கணக்கிடுவார்கள்? ரத்தவழி அட்டையில் உள்ள பின்னத்தை வைத்து. ஃப்ரீட்மென் அட்டையில் பத்தியே இல்லாததால் பின்னம் இல்லை, பின்னம் இல்லாததால் சான்றிதழ் இல்லை, சான்றிதழ் இல்லாததால் வாக்கு இல்லை. அரிசி வாங்கக் கொடுத்த ரேஷன் அட்டையைப் பிறப்புக்கும் பரம்பரைக்கும் சாட்சியாகக் கேட்பது போன்ற காரியம்தான். அந்த ஆண்டுத் தேர்தலில், பன்னிரண்டு ஆண்டுக்கு முன் வாக்களித்தவர்களே வாக்குச்சாவடியிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார்கள். எதிர் வேட்பாளருக்கு அவர்கள் ஆதரவு இருந்ததால்தான் இது நடந்தது என்று அப்போதே புகார் எழுந்தது.

மதபோதகர் ராஜர் நீரோவும் வேறு சிலரும் 1984-ல் வழக்குப் போட்டார்கள். 1989-ல் அமெரிக்கக் கூட்டாட்சியின் பத்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், பழங்குடி அரசுக்கு இறையாண்மைப் பாதுகாப்பு உண்டு என்று சொல்லித் தள்ளுபடி செய்தது. உரிமை உண்டா இல்லையா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவே இல்லை.

பெர்னிஸ் ரிக்ஸின் வழக்கு இன்னும் வினோதம். 2001-ல் செரோகி மன்றமே அவரிடம் செரோகி ரத்தம் இருப்பது போதுமான அளவு ஆவணப்படுத்தப்பட்டிருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. ஆனாலும் குடியுரிமை இல்லை என்றது. காரணம், அவர் முன்னோர்கள் டாவ்ஸ் பதிவில் ஃப்ரீட்மென் வரிசையில் மட்டுமே இருக்கிறார்கள். ரத்தம் வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டு, ரத்தம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு, தவறான அட்டை என்று திருப்பி அனுப்பினார்கள். கேட்டது ரத்தத்தையா, தாளையா என்ற கேள்விக்கு இதைவிட நேரடியான பதில் வேண்டியதில்லை.

இந்தப் பின்னணியில்தான் 2006 லூசி ஆலன் தீர்ப்பு வந்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஸ்டேசி லீட்ஸ். அரசமைப்பு டாவ்ஸ் பட்டியல் என்று சொல்கிறது. ரத்தவழிப் பட்டியல் என்று சொல்லவில்லை. அது சொல்லாத நிபந்தனையைப் பேரவை சாதாரணச் சட்டம் போட்டுச் சேர்க்க முடியாது. குடியுரிமையைக் குறுக்க வேண்டுமென்றால் மக்கள் அரசமைப்பைத் திருத்தட்டும் என்றும் தீர்ப்பு சொன்னது.

அப்போதைய தலைவர் சாட் ஸ்மித் அந்த வழியையே பிடித்தார். 2007 வாக்கெடுப்பில் சுமார் 77 விழுக்காட்டினர் திருத்தத்தை ஆதரித்தார்கள். புதிய விதி: டாவ்ஸ் பட்டியலில் ரத்தவழிச் செரோகி, டெலவேர் அல்லது ஷானி முன்னோர் வேண்டும். கவனியுங்கள், டெலவேரும் ஷானியும் வேறு இனங்கள். ஒப்பந்தத்தின் வழியாக வந்தவர்கள், ஃப்ரீட்மென் போலவே. செரோகி ரத்தம் ஒரு சொட்டுகூட இல்லாத டெலவேர் வாரிசு உள்ளே; செரோகி ரத்தம் நிரூபித்த ரிக்ஸ் போன்றவர் வெளியே.

இறையாண்மை

மறுபக்கத்தின் வாதத்தை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. தன் குடிமக்கள் யார் என்று முடிவு செய்வது எந்த அரசுக்கும் அடிப்படை உரிமை. பூர்வகுடி அரசுகளுக்கு அந்த உரிமை உண்டு என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1978-ல் சான்டா கிளாரா பியூப்லோ வழக்கில் உறுதி செய்தது. 1866 உடன்படிக்கை போரில் வென்றவர்கள் தோற்றவர்கள் கழுத்தில் கத்தி வைத்து வாங்கியது. டாவ்ஸ் பட்டியலும் திணிக்கப்பட்டது. 2007-க்குப் பிறகு செரோகிகளுக்கான நிதியை நிறுத்தக் காங்கிரஸில் மசோதா வந்தது. 2011-ல் வீட்டுவசதித் துறை 3.3 கோடி டாலரை நிறுத்தி வைத்தது. இருநூறு ஆண்டுகளாக உடன்படிக்கைகளை மீறிவந்த ஓர் அரசு, இன்னொருவருக்கு உடன்படிக்கை ஒழுக்கம் கற்பிக்க வருவது எரிச்சலைத் தராமல் இருக்குமா? இந்தக் கோபம் எனக்குப் புரிகிறது.

ஆனால் அந்த வாதம் ஓரிடத்தில் முட்டி நிற்கிறது. செரோகி நேஷனின் இன்றைய உரிமைகள் பலவற்றுக்கு வேர் அதே உடன்படிக்கைகள்தான். 2019-ல் தலைவர் சக் ஹாஸ்கின் ஜூனியர், அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையில் செரோகிகளுக்கு ஒரு பிரதிநிதி வேண்டும் என்று கேட்டபோது, ஆதாரமாகக் காட்டியது 1835 நியூ எக்கோட்டா உடன்படிக்கையின் ஏழாம் பிரிவு. அந்த உடன்படிக்கையைவிட அநியாயமாக வாங்கப்பட்டது எது? கண்ணீர்ப் பாதைக்கே அதுதான் காரணம். திணிக்கப்பட்டது என்பதற்காக உடன்படிக்கை செல்லாது என்றால் இதுவும் செல்லாது.

நீதிபதி தாமஸ் ஹோகன் 2017 ஆகஸ்ட் 30-ல் கொடுத்த தீர்ப்பு ஏறக்குறைய இந்த இடத்தில்தான் கை வைத்தது. செரோகி நேஷனுக்கும் ரேமண்ட் நாஷ் என்பவருக்கும் இடையிலான வழக்கு அது. தங்கள் குடியுரிமையை வரையறுக்கும் அதிகாரம் செரோகிகளுக்கு இருக்கிறது என்பதை ஹோகன் மறுக்கவில்லை. பூர்வீகச் செரோகிகளுக்கு எவ்வளவு உரிமையோ அவ்வளவு ஃப்ரீட்மென் வாரிசுகளுக்கும். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஏறினால் இரண்டும் சேர்ந்து ஏறும், இறங்கினால் சேர்ந்து இறங்கும் என்பதே தீர்ப்பின் சாரம். 1866 உடன்படிக்கையின் ஒன்பதாம் பிரிவை அவர் அப்படித்தான் வாசித்தார். 2003-லிருந்து தனியாக வழக்கு நடத்திவந்த மேரிலின் வான் தரப்புக்கும் இதோடு முடிவு கிடைத்தது. செரோகி தலைமை வழக்கறிஞர் டாட் ஹெம்ப்ரீ, மேல்முறையீடு இல்லை என்று மறுநாளே அறிவித்தார்.

2021 பிப்ரவரி 22-ல் செரோகி உச்ச நீதிமன்றம் ‘ரத்தவழி’ என்ற சொற்களை அரசமைப்பிலிருந்தும் சட்டங்களிலிருந்தும் நீக்கியது. ஆகவே தலைவர் பதவிக்கும் பேரவைக்கும் ஃப்ரீட்மென் வாரிசுகள் போட்டியிடலாம். பதினேழு நாள் கழித்து, மார்ச் 11-ல், ஓக்லஹோமா குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஹாக்னர் வழக்கில் வேறொன்றைச் சொன்னது: உடன்படிக்கைகள் அளித்த செரோகி ஒதுக்குநிலம் கலைக்கப்படவே இல்லை, அது இன்றும் உயிரோடு இருக்கிறது. ஒரே மாத இடைவெளியில் பழைய உடன்படிக்கைகள் ஒரு கையால் கடமையையும் மறு கையால் நிலத்தையும் நீட்டின.

ஆனால் பதிவேட்டின் பிடி விட்டுவிடவில்லை. ஹோகனின் தீர்ப்பு, டாவ்ஸ் ஃப்ரீட்மென் பட்டியலில் இடம்பெற்றவர்களின் வாரிசுகளுக்குத்தான் உரிமை தருகிறது. மனுப்போடுகிறவர் தன்னிடமிருந்து பின்னோக்கி, ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்புச் சான்றிதழோ இறப்புச் சான்றிதழோ கோத்து, பட்டியலில் உள்ள ஒரு பெயரில் கொண்டுபோய் முடிச்சுப் போட வேண்டும். ஓக்லஹோமாவில் பிறப்புப் பதிவு தொடங்கியதே 1908-ல். ஆரம்ப ஆண்டுகளில் கிராமத்து வீடுகளில் பிறந்த பலர் பதிவாகவே இல்லை. 2021-ல் சுமார் 8,500 ஃப்ரீட்மென் வாரிசுகள் செரோகி குடிமக்களாகப் பதிவாகியிருந்தார்கள். டாவ்ஸ் பட்டியலில் இடம்பெற்ற செரோகி ஃப்ரீட்மென் சுமார் 4,900 பேர். நூறு ஆண்டுகளில் அந்த 4,900 பேரின் வம்சம் எவ்வளவு பெருகியிருக்கும் என்று பார்த்தால், 8,500 என்பது சிறிய எண்.

1867 பிப்ரவரியைத் தவறவிட்டவர்களுக்கு இப்போதும் வழி இல்லை. அவர்களின் மனுக்கட்டுகளில் செரோகி மண்ணில் பிறந்தது, யாரிடம் அடிமையாக இருந்தது, எந்த ஆற்றங்கரையில் வேலை செய்தது எல்லாம் தட்டச்சில் இருக்கிறது. முகப்பில் நிராகரிக்கப்பட்டது என்ற குறிப்பும் இருக்கிறது. மற்ற நான்கு நேஷன்களில் நிலைமை ஆளுக்கொரு விதம். மஸ்கோகி நேஷனின் உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில், தங்கள் 1866 உடன்படிக்கையின்படி ஃப்ரீட்மென் வாரிசுகளுக்குக் குடியுரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. சிக்கசாக்கள் தங்களிடம் அடிமைகளாக இருந்தவர்களைக் குடிமக்களாக ஏற்றுக்கொண்டதே இல்லை. அவர்களுக்கும் டாவ்ஸ் ஃப்ரீட்மென் அட்டைகள் இருக்கின்றன, அதே எம்1186-ல்.